நான் மணம் பார்த்துச் சொன்னது

அப்பா கல்யாணச் சமையல்காரர். திருவனந்தபுரத்தில் பத்துப் பதினைந்து மண்டபங்களின் அடுப்புகள் அவருக்குப் பழக்கம். முதல் இலையைப் பிள்ளையாருக்குப் போட்டு விளக்கேற்றும் வரை எதையும் வாயில் வைக்கக் கூடாது என்பது அங்கே வழக்கம். அதனால் அப்பா ருசி பார்ப்பதில்லை, மணம் பார்ப்பார். வெண்கல உருளியின் மேல் குனிந்து, உள்ளங்கையால் ஆவியை இரண்டு தரம் மூக்குப் பக்கம் தள்ளிவிட்டு, "உப்பு இன்னும் ஒரு கை" என்பார். கூட வேலை பார்க்கிறவர்கள் அதைப் போகிற இடமெல்லாம் சொல்லிக்கொள்வார்கள். வீட்டிலோ அந்த மூக்கினால் அம்மாவுக்கு உபத்திரவம்தான். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே, "மாவு புளிச்சாச்சு, இன்னைக்கே சுட்டுத் தீத்திரு" என்று குரல் கொடுப்பார். அம்மா முணுமுணுத்துக்கொண்டே தோசைக்கல்லை அடுப்பில் ஏற்றுவாள். பால் நல்ல பாலா, மீந்த குழம்பு நாளைக்குத் தாங்குமா என்பதெல்லாம் எங்கள் வீட்டில் அப்பா சொல்ல வேண்டிய தீர்ப்பு. அம்மா கையில் கிண்ணத்தோடு வந்து நிற்பாள், அவ்வளவே.

நான் ஐந்தாம் வகுப்பில் படித்த வருஷம், பங்குனி மாதம், ஒரு மண்டபத்து அடுக்களையில் கஞ்சி வடித்த ஈரத்தில் அப்பா வழுக்கி மல்லாந்து விழுந்தார். பின்மண்டையில் நாலு தையல். பத்து நாள் வீட்டில் படுத்திருந்துவிட்டு மறுபடி வேலைக்குப் போனார். கட்டைப் பிரித்ததும் அது முடிந்த சங்கதி என்று நாங்கள் நினைத்தோம்.

அதற்குப் பிறகுதான் வீட்டில் சண்டை தொடங்கியது. விருந்து முடிந்து அப்பா தூக்குவாளியில் மிச்சத்தைக் கொண்டுவருவது எப்போதும் உள்ளதுதான். அவியல், கூட்டுக்கறி, ஓலன் எல்லாம் தேங்காய் சேர்ந்தவை. விடிகாலையில் செய்தது சாயங்காலம் வரை தாங்குவதே கஷ்டம். முன்பெல்லாம் கெட்டதை அவரே வழியில் கொட்டிவிட்டு வருவார். இப்போது எல்லாவற்றையும் கொண்டுவந்தார். அம்மா மூடியைத் திறந்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டு, "ஊசிப்போச்சு" என்பாள். அம்மாவுக்குத் திருநெல்வேலிப் பக்கம். இந்த ஊரிலேயே பிறந்த அப்பாவுக்குக் கோபம் வந்தால் மலையாளம் வரும். "வளிச்சிட்டில்லா!" என்பார். கெட்டுப்போகவில்லை என்று அர்த்தம்.

"நாத்தம் தெருவரைக்கும் அடிக்கி. வளிச்சிட்டில்லாங்கிய."

"இருபது வருஷமா இதான் எனக்கு ஜோலி. நீயா எனக்குச் சொல்லித்தருவே?"

அம்மா கொட்டப் போவாள், அப்பா பிடுங்குவார். ஒருநாள் இந்த இழுபறியில் புளிசேரிக் குழம்பு முழுவதும் அம்மா கூலிக்குத் தைத்துக்கொண்டிருந்த யாரோ ஒருத்தியின் கல்யாண ரவிக்கை மேல் கொட்டியது. அம்மா அன்று அழுதாள். நான் அப்பாவின் கட்சி. அம்மா வேண்டுமென்றே அவரைச் சிறுமைப்படுத்துகிறாள் என்று எனக்கு நிச்சயமாகத் தோன்றியது.

அப்படி நினைக்க எனக்கு ஒரு காரணமும் இருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பா என்னைப் பின்பக்கம் துவைகல்லுக்கு அருகே கூப்பிட்டு, தூக்குவாளி மூடியை லேசாகத் திறந்தார்.

"மோந்து பாரு மக்ளே. என்ன மணம் வருது?"

"தேங்கா. கருவேப்பிலை."

"புளிப்பு உண்டா?"

"இல்லப்பா."

"மிடுக்கி!" என்று தலையைத் தட்டிக் கொடுத்தார். "இது நம்ம ரெண்டுபேருக்குள்ள ஒரு களி, கேட்டோ? அம்மைகிட்ட சொல்லண்டா."

மிடுக்கி என்றால் கெட்டிக்காரி, களி என்றால் விளையாட்டு. நானும் விளையாட்டென்றுதான் எடுத்துக்கொண்டேன், அம்மாவிடம் சொல்லவும் இல்லை. அதன்பின் அடிக்கடி கூப்பிட்டார். பாலைக் காட்டினார், நல்லெண்ணெயைக் காட்டினார். ஒருமுறை வேலைக்குப் போகுமுன் தன் சட்டையையே நீட்டி, வேர்வை நாற்றம் இருக்கிறதா என்று கேட்டார். பெரிய சமையல்காரர் தன் வித்தையை எனக்குப் பழக்குகிறார் என்று நினைத்து நான் பள்ளிக்கூடத்தில் மூக்கை நிமிர்த்திக்கொண்டு நடந்தேன். பக்கத்துப் பெஞ்சில் உள்ளவர்களின் சாப்பாட்டு டப்பாக்களை மூடி திறக்காமலே மோந்து சொல்லிக் கெட்ட பெயரும் வாங்கினேன்.

ஓணம் கழிந்த வாரம் வரிசையாக முகூர்த்தங்கள். ஒருநாள் மாலை நாலு மணிக்கு அப்பா களைத்துப்போய் வந்தார். சட்டையெல்லாம் கரி. தூக்குவாளியை மேசைமேல் வைத்தார். அம்மா திறந்தாள்.

"அவியல் போச்சு."

"போகல்ல."

"கேட்டீயளா, இதைப் பிள்ளைக்குக் குடுக்க நான் சம்மதிக்க மாட்டேன்."

அப்பா என்னைத் திரும்பிப் பார்த்தார். அதுவரை அவர் அம்மாவின் முன்னால் என்னைக் கேட்டதே இல்லை.

"மக்ளே, நீ மோந்து பாத்துச் சொல்லு. நீ சொன்னா செரி."

நான் குனிந்தேன். தேங்காயும் மாங்காயும் மணத்தன. அதற்கு அடியில், ஈரத்துணியை மூடி வைத்ததுபோல ஒரு புளித்த வாடை இருந்தது. தெளிவாகவே இருந்தது. நிமிர்ந்தபோது அப்பாவின் முகம் மிகப் பக்கத்தில் இருந்தது. கோபமாக இல்லை. பரீட்சைத் தாளைத் திருப்பிக் கொடுக்கும்போது நாங்கள் டீச்சரைப் பார்ப்போமே, அப்படி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நல்லாத்தான் இருக்கு" என்றேன்.

அப்பா மூச்சு விட்டார். அம்மா என்னையும் அவரையும் மாறிமாறிப் பார்த்தாள். "செரி, அப்பனும் மகளும் ஒண்ணு. நான் ஒருத்திதான் கிறுக்கி" என்றாள். பிறகு ஒரு தட்டை எடுத்துவந்து, அவியல் முழுவதையும் அதில் கவிழ்த்தாள். சோறுகூட இல்லாமல், நின்றபடியே, வேகவேகமாகச் சாப்பிட்டாள். அப்பா, "எனக்கும் கொஞ்சம் வையி" என்று கை நீட்டினார். அவள் தட்டை நகர்த்திக்கொண்டாள். "மிச்சம் வச்சா பிள்ளைக்குக் குடுப்பிய" என்றாள்.

மறுநாள் விடிந்தபோது அம்மா குளியலறையில் இருந்தாள். வாந்தி, பேதி. பத்து மணிவாக்கில் வெளியே வந்தவள் படியிலேயே சரிந்தாள். உதடு வெளுத்திருந்தது. அப்பா அவளைத் தூக்கிக்கொண்டு ஓடி ஆட்டோ பிடித்தார். நான் அம்மாவின் கால்களை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அந்தக் கால்களின் குளிர்ச்சி இன்றும் என் நினைவில் இருக்கிறது.

ஆஸ்பத்திரியில் இரண்டு கைகளிலும் குளுக்கோஸ் ஏற்றினார்கள். சிறுநீர் பிரியவில்லை என்று நர்சுகள் தங்களுக்குள் பேசிக்கொண்டார்கள். மூன்றாம் நாள்தான் டாக்டர் முகம் தெளிந்து, இனி பயமில்லை என்றார். என்ன சாப்பிட்டாள் என்று விசாரித்தார். இவ்வளவு கெட்டுப்போன சாப்பாடு நாறியிருக்குமே, வீட்டில் ஒருத்தருக்குமா தெரியவில்லை என்று கேட்டார். திட்டவில்லை, சாதாரணமாகத்தான் கேட்டார்.

அப்பா கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். "எனிக்கு மணம் கிட்டில்லா டாக்டர்" என்றார். "விழுந்ததுக்குப் பிறகு ஒண்ணுமே கிட்டல்ல."

டாக்டர் அப்பாவின் பின்மண்டைத் தழும்பைத் தடவிப் பார்த்தார். விழுந்ததில் நரம்பு அறுந்திருக்கும், இத்தனை மாதம் ஆகிவிட்டது, இனி திரும்புவது கஷ்டம் என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனார். அம்மா கண்ணை மூடியிருந்தாள். தூங்குகிறாள் என்று நினைத்தேன்.

"கல்யாணத்துக்கெல்லாம் எப்படி வச்சிய?" என்று கேட்டாள் அவள்.

"கை அளவுதான்."

"பிள்ளையக் கூப்பிட்டுக் கூப்பிட்டுக் கேட்டது இதுக்கா?"

அப்பா என் தலையில் கை வைத்தார். "பாவம், அதுக்கும் தெரியல்ல" என்றார். என்னைத்தான் சொன்னார். எனக்குத் தெரிந்தது என்று அப்போது சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அப்பா போய்ச் சேரும் வரைக்கும் அதை நான் அவரிடம் சொல்லவில்லை.

அம்மா வீடு திரும்பிய வாரம் அப்பா கரண்டியை விட்டார். யாரும் விடச் சொல்லவில்லை. நானூறு பேர் சாப்பிடுகிற இடம் என்று மட்டும் சொன்னார். மண்டபங்களுக்குப் பாத்திரம் வாடகைக்கு விடும் கடையில் ஒரு வேலை கிடைத்தது. காலையில் போய் மாலையில் வெறும் கையோடு வருவார்.

வீடு அமைதியாகிவிட்டது. அம்மா பாலைக் காய்ச்சி, ஒருமுறை மோந்து பார்த்துவிட்டு அவர் முன்னால் வைப்பாள். அவர் குடிப்பார். இது வேண்டாம் என்று அவள் சொன்னால் கையை எடுத்துக்கொள்வார். அவரிடமிருந்து ஒரு மறுவார்த்தை வருவதில்லை.

ஐப்பசி மழை பெய்துகொண்டிருந்த, கடை லீவான ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அம்மா சாம்பார் வைத்தாள். முருங்கைக்காய் நறுக்கிக் கொடுத்ததே நான்தான். அடுப்பிலிருந்து இறக்கி அரைமணிகூட ஆகவில்லை. கிண்ணத்தில் ஊற்றி அப்பா முன்னால் வைத்தவள், பழையபடி சண்டைக்கு நிற்பவள்போல அங்கேயே நின்றாள்.

"இது ஊசின மாதிரி இல்ல?" என்றாள்.

எனக்குப் புரியவில்லை. வீடு முழுக்கக் கொத்தமல்லி மணம். நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா கண்ணால் அடக்கினாள்.

அப்பா கிண்ணத்தைப் பார்த்தார். "வச்சது எப்போ?" என்றுகூட அவர் கேட்கவில்லை. எழுந்து, அடுக்களைக்குப் போய்ச் சட்டியையும் எடுத்துக்கொண்டு, மழையில் நனைந்தபடி தென்னைமரத்தடியில் எல்லாவற்றையும் கொட்டினார். திரும்பி வந்து கையைக் கழுவிவிட்டு, மோரை ஊற்றிப் பிசைந்து சாப்பிடத் தொடங்கினார். அம்மா அடுக்களை நிலையைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் நின்றாள். அப்பா தட்டை விட்டு நிமிரவே இல்லை.

நானும் மோர் சாதம்தான் சாப்பிட்டேன். நல்ல சாம்பார் போயிற்றே என்று எனக்கு வருத்தம். ஆனாலும் அம்மா இத்தனை பெரிய பொய் சொல்லியும் அப்பா கத்தவில்லை, எதுவும் உடையவில்லை. எங்கள் வீட்டில் சண்டையே இல்லாமல் போய்விட்டது என்று திங்கட்கிழமை பள்ளிக்கூடத்தில் என் தோழியிடம் சந்தோஷமாகச் சொன்னேன்.