ஏழாம் குழியில் வெள்ளைக் கட்டைகள்

வெள்ளிக்கிழமை, மாலை 4.20. கொழும்புக் கோட்டையில் அதிகாலை ஏறியது. 292 கிலோமீட்டர் கடந்து பதுளையில் இறங்கும்போது இடுப்பு விட்டுப்போயிருந்தது. வண்டியில் வந்த வெளிநாட்டுப் பிள்ளைகள் கதவில் தொங்கிப் படம் எடுத்தார்கள். நான் பதினான்கு மட்டைகள் அடங்கிய பையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எதிர் இருக்கை அம்மா தெமோதரை நிலையம் வரை பொறுத்துப் பார்த்துவிட்டு, உள்ளே என்ன வாத்தியம் என்று கேட்டார். கோல்ஃப் விளையாடும் மட்டைகள் என்றேன். அதற்குப் பிறகு அவர் என்னிடம் பேசவே இல்லை.

எனக்கு ஐம்பத்தாறு வயது. வெள்ளவத்தையில் மருந்துக்கடை வைத்திருக்கிறேன். நாள் முழுக்க நின்று முழங்கால் வீங்கியபோது டொக்டர் நடக்கச் சொன்னார். சும்மா நடக்க எனக்குப் பொறுமை கிடையாது. ஆகவே ஒரு பந்தை அடித்துவிட்டு அதன் பின்னால் நடக்கத் தொடங்கினேன். மூன்று வருடமாயிற்று. இந்த விளையாட்டில் குறைவாக அடிப்பவரே கெட்டிக்காரர். ஒன்பது குழிகளையும் ஐம்பது அடிக்குள் முடித்துவிட்டால் போதும், என்னைப் போன்ற சாதாரண ஆட்டக்காரருக்கு அதற்கு மேல் பெருமை இல்லை. என்னுடைய மிகச் சிறந்த நாளில் எடுத்தது ஐம்பத்து மூன்று.

பதுளையில் எனக்கு இடம் ஒழுங்கு செய்தவர் ஹாஜியார். கடைத்தெருவில் இரும்புச் சாமான் கடை வைத்திருக்கிறார்; பசறைக்கு அப்பால் ஒரு தோட்டத்தில் உள்ள பழைய கோல்ஃப் மைதானத்தைப் பார்த்துக்கொள்ளும் சங்கத்துக்கு அவர்தான் செயலாளர். மாதா மாதம் மருந்து வாங்கக் கொழும்பு வருபவர், என் கடை மூலையில் சாய்ந்திருந்த மட்டையைப் பார்த்த அன்றிலிருந்து நண்பர். அன்று மாலை என் பையைப் பார்த்ததும் தலையில் அடித்துக்கொண்டார். கடைத் தரையில் எல்லா மட்டைகளையும் பரப்பி, ஏழை மட்டும் எடுத்து வைத்தார். மிச்சம் ஏழும் பெயின்ட் டின்களுக்குப் பின்னால் போயின. நான் ஆசை ஆசையாக வாங்கிய நீண்ட ட்ரைவர் மட்டையும் அதில் ஒன்று.

அவர் சொன்ன நியாயம் இதுதான். அந்த மைதானம் சின்னது, சரிவு அதிகம். தூரம் அடிக்கிற மட்டையால் பந்து நேரே தேயிலைக்குள் போகும். சராசரி ஆட்டக்காரர் நூற்றைம்பது யார், அதாவது கெஜம், நேராக அடித்தாலே எங்கேயும் கௌரவமாக விளையாடலாம். புதுப் பந்தும் வேண்டாம்; தேயிலைக்குள் கிடந்து எடுத்த பந்து ஒன்று நூறு ரூபாய்க்கு அங்கேயே கிடைக்கும். நான் முனகினேனே தவிர மறுத்துப் பேசவில்லை. பின்னால் யோசித்தால், மூன்று வருடத்தில் எனக்குக் கிடைத்த ஆகச்சிறந்த கோல்ஃப் பாடம் அந்தக் கடைத் தரையில் கிடைத்ததுதான்.

சனிக்கிழமை, காலை 6.10. பசறை பஸ். பதினெட்டு கிலோமீட்டர்தான், ஆனால் வளைவுகளை நீட்டிப் பிடித்தால் இரண்டு மடங்கு வரும். ஹாஜியார் கடைக்குச் சாமான் ஏற்றிக்கொண்டு தன் வான் வண்டியில் வருவதாகச் சொல்லியிருந்தார். பசறையில் ரொட்டியும் கட்டச்சம்பலும் பிளேன்டீயும் முடித்துக்கொண்டு ஓர் ஆட்டோ பிடித்தேன். ஒன்பது கிலோமீட்டருக்கு ஆயிரத்து இருநூறு ரூபாய். கோல்ஃப் மைதானம் என்றதும் ஓட்டுநர் கண்ணாடியில் என்னைப் பார்த்தார்.

"வெள்ளக் கட்ட அடிச்சிருக்காங்களே, அந்த எடந்தானேங்க?"

எனக்குத் தெரியாது என்றேன். அவரும் விளக்கவில்லை.

காலை 8.00. மைதானம் ஒரு மலைத்தோளில் கிடந்தது. மூன்று பக்கம் தேயிலை, ஒரு பக்கம் பள்ளம். அலுவலகம் என்பது தகரக் கூரை போட்ட ஓர் அறை. வாசலில் ஒரு கரும்பலகை. வெள்ளைக்காரத் துரைமார் போட்ட மைதானத்தை இப்போது நடத்துவது பதுளை, பண்டாரவளைக் கடைக்காரர்களும் தோட்டத்து உத்தியோகத்தர்களும் இரண்டு மூன்று ஆசிரியர்களும். கட்டணம் இரண்டாயிரத்து ஐந்நூறு. பையைத் தூக்கி, பந்து விழும் இடத்தைக் கண்ணில் வைத்து, கூடவே வரும் ஆளைக் கெடி என்பார்கள். அவருக்கு ஆயிரத்து ஐந்நூறு.

என் கெடி வசந்தா. நாற்பது வயதிருக்கும். வாரநாளில் கொழுந்து பறிக்கிறார், வார இறுதியில் இங்கே. வந்தவுடன் என் காலைப் பார்த்தார். சப்பாத்தைக் கழற்றச் சொல்லி, ஈரச் சவர்க்காரக் கட்டியைக் காலுறை மேல் தேய்த்துவிட்டார். அட்டைப் பூச்சி ஏறாதாம். ஏறவும் இல்லை. மலைநாட்டு மைதானத்துக்கு வருபவர்கள் விலை உயர்ந்த கையுறைக்கு முன்னால் ஒரு சவர்க்காரக் கட்டி வாங்கிக்கொள்ளலாம்.

முதல் மூன்று குழிகளிலேயே என் கோலம் வசந்தாவுக்குப் புரிந்துவிட்டது. சரிவில் நின்று நான் தரைக்கு எதிராக நிமிர்ந்து அடித்தேன். பந்து உச்சியில் அடிபட்டு எழும்பாமல் தரையோடு ஓடியது. தோள் இரண்டும் சரிவோடு சாய்ந்திருக்க வேண்டும், பந்து மேட்டுப் பக்கக் காலுக்குக் கிட்ட இருக்க வேண்டும் என்று தன் கூடையைத் தூக்குகிற மாதிரி நின்று காட்டினார். அடித்தேன். பந்து ஒழுங்காக எழும்பியது. குழிக்குப் பக்கத்தில், பந்தை உருட்டிவிடும் வழித்த புல்லில், நான் குனிந்தும் சாய்ந்தும் சரிவைக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தபோது அவர் குனியக்கூட இல்லை.

"மழத் தண்ணி எந்தப் பக்கம் ஓடுமோ, பந்தும் அந்தப் பக்கந்தான் போவும் மேடம். தண்ணியப் பாருங்க."

எங்கே பழகினீர்கள் என்று கேட்டேன். லயத்தில்தான் என்றார். அவர் குடியிருக்கும் லயம், தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகள், மைதானத்துக்கு மேலே, மலைக்கு அடியில். மீரியபெத்தையில் மண் சரிந்து ஆட்களை மூடிய பிறகு, இங்கேயும் அதிகாரிகள் வந்து பார்த்து, இருக்கத் தகாத இடம் என்று அறிவித்தல் ஒட்டிவிட்டுப் போனார்களாம். அறிவித்தல் மங்கிவிட்டது, ஆட்கள் அங்கேயே இருக்கிறார்கள். மழை பிடித்தால் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குப் போய்ப் படுக்க வேண்டும். பின்சுவரில் உள்ள வெடிப்பில் தண்ணீர் எந்தப் பக்கம் போகிறது என்று பார்த்துப் பார்த்தே கண் பழகிவிட்டதாம். இதையெல்லாம் அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். எனக்குத்தான் அடுத்த உருட்டலில் பந்து குழியைத் தாண்டி ஓடியது.

காலை 9.40. நான்காவது குழியில் ஹாஜியார் வந்து சேர்ந்துகொண்டார். முதல் மூன்று குழியின் கணக்கை வசந்தா சொன்னார்; அதிலிருந்து என் அடிகளை எண்ணி அட்டையில் எழுதும் பொறுப்பும் ஹாஜியாருடையது. ஆறாவது முடிந்தபோது அட்டையைப் பார்த்து அவரே வாய் பிளந்தார். முப்பத்து மூன்று. மிச்சம் மூன்று குழியில் பதினாறு அடித்தால் நாற்பத்தொன்பது. இது கனவென்றால் என்னை யாரும் தட்டி எழுப்பிவிடக் கூடாது என்று வேண்டிக்கொண்டேன்.

ஏழாவது, இருநூற்று அறுபது யார். மேட்டில் நின்று கீழே அடிக்க வேண்டும். கீழே வலது பக்கம் நல்ல சமதரை. அதில் வெள்ளை பூசிய கட்டைகள் வரிசையாக, நூல் கட்டி நின்றன. ஹாஜியார் விளக்கினார். லயத்து ஆட்களுக்கு வீடு கட்ட அரசாங்கம் ஒதுக்கிய இடம். அடியில் கருங்கல், மண் சரியாது. குலுக்கல் போட்டு ஆளாளுக்கு நிலத்துண்டும் கொடுத்தாயிற்று. சங்கம் ஆட்சேபித்துக் கடிதம் போட்டதில் வேலை நின்றிருக்கிறது. அந்தக் கடிதத்தைத் திரும்பப் பெறுவதா வைத்திருப்பதா என்று தீர்மானிக்க ஞாயிறு மாலை கூட்டம். அதுவரைக்கும் அங்கத்தவர்கள் கட்டைகளுக்குள் விழும் பந்தை அங்கிருந்தே அடிக்கிறார்கள். விளையாட்டு நிலம்தான், இன்னும் விளையாடிக்கொண்டுதான் இருக்கிறோம் என்று காட்டுவதற்காக.

எனக்குக் கோபம் வந்தது. ஆனால் அவர் முகத்தைப் பார்த்தால் திட்ட முடியவில்லை. முப்பது வருடத்துக்கு முன், வாழ்க்கையில் முதல்முறையாக நாலே அடியில் ஒரு குழியை முடித்தது இந்த ஏழாவதில்தானாம். இதைவிட்டால் இந்த மைதானத்தில் சமதரை கிடையாது, இது போனால் ஒவ்வொன்றாய் எல்லாம் போகும் என்று அவர் பயந்தார். அந்தப் பயமும் பொய்யில்லை.

நான் அடித்தேன். செவன் அயன் மட்டை, நல்ல அடி, கொஞ்சம் வலது. பந்து இரண்டு துள்ளுத் துள்ளி, கட்டைகளுக்கு நடுவே போய் நின்றது.

இறங்கிப் போனோம். ஹாஜியார் நூலைத் தாண்டி நேரே உள்ளே நடந்தார். நானும் காலைத் தூக்கித் தாண்டினேன். அப்போதுதான் வசந்தாவைப் பார்த்தேன். அவர் நூலைத் தாண்டவில்லை. பையைத் தோளில் போட்டபடி கட்டை வரிசையைச் சுற்றி மறுபக்கம் போய், இரண்டு கட்டைகளுக்கு இடையே நூல் கட்டாமல் விட்டிருந்த இடத்தால் உள்ளே வந்தார். வந்து பையைத் தரையில் வைக்காமல் தோளிலேயே வைத்துக்கொண்டு நின்றார்.

"இது எந்த இடம், வசந்தா?" என்று கேட்டேன்.

"பதினோராம் நம்பருங்க. நமக்கு விழுந்தது." பிறகு பந்தைப் பார்த்தார். "அது அடுப்படி."

கோல்ஃப் விதி ஒன்று இருக்கிறது. வெள்ளைக் கட்டை எல்லை. அதைக் கடந்த பந்து செத்த பந்து. தண்டனையாக ஓர் அடி கூடும், முதலில் அடித்த இடத்துக்கே திரும்பிப் போய் மறுபடி அடிக்க வேண்டும். ஆனால் இந்தக் கட்டைகளைச் சங்கம் எல்லையாக அறிவிக்கவில்லை. பந்து புல்லில் அழகாக உட்கார்ந்திருந்தது. குழி தொண்ணூறு யார். இங்கிருந்து அடித்தால் ஐந்தில் முடியும். நாற்பத்தொன்பது கைக்கெட்டும் தூரம்.

உண்மையைச் சொல்கிறேன், நான் மட்டையை எடுத்துவிட்டேன். மனம் வக்கீல் மாதிரி வாதாடியது. நீ விருந்தாளி, ஊர்ப் பிரச்சினை உனக்கெதற்கு, ஒரு பந்தால் வீடு இடியுமா, அதுவும் கட்டாத வீடு.

"அடிங்க டீச்சர்," என்றார் ஹாஜியார். பதற்றத்தில் என்னை டீச்சராக்கிவிட்டார். "பந்து உள்ளுக்குத்தான் இரிக்கி."

வசந்தாவும் அதையேதான் சொன்னார். "அடிங்க மேடம். எல்லாரும் அடிக்கிறதுதான்."

அந்த 'எல்லாரும்' எனக்குச் சுருக்கென்றது. ஒவ்வொரு வார இறுதியும் இந்தப் பெண் தன் அடுப்படியில் பையோடு நின்று, ஆட்கள் மண்ணைப் பெயர்த்து அடிப்பதைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். நான் குனிந்து பந்தைக் கையில் எடுத்தேன்.

"ஹாஜியார், இது எல்லைக்கு வெளியே. தண்டனை போடுங்கோ. நான் திரும்பப் போறன்."

அவர் அட்டையையும் பென்சிலையும் மாறி மாறிப் பார்த்தார். நான் இந்த முறை நூலைத் தாண்டாமல், வசந்தா உள்ளே வந்த இடைவெளியால், அந்த வீட்டு வாசலால், வெளியே வந்தேன். வசந்தா என்னோடு மேட்டுக்கு ஏறினார். பாதி ஏற்றத்தில் என் கையிலிருந்த மட்டையையும் வாங்கிப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

மூன்றாவது அடி என்று எண்ணி மறுபடி அடித்தேன். ஏழாவதில் ஏழு. எட்டாவதில் ஐந்து, ஒன்பதாவதில் ஆறு. மொத்தம் ஐம்பத்தொன்று.

பகல் 12.15. தகரக் கூரையின் கீழ் ஹாஜியார் அட்டையைக் கூட்டி, சரி பார்த்து, ஏழாம் கட்டத்தில் வந்து நின்றார். செயலாளர் கையெழுத்துப் போட்டால் அது சங்கத்தின் பதிவு. ஏழாவதில் எல்லைத் தண்டனை என்று சங்கமே எழுதியதாகும். அது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். தேத்தண்ணீர் ஆறிப்போகும் வரை பென்சிலை உருட்டிக்கொண்டிருந்துவிட்டுக் கையெழுத்திட்டார். நான் அட்டையை வாங்கிக்கொண்டேன். அவருக்கு நன்றி சொன்னேன். பெயின்ட் டின்னுக்குப் பின்னால் உள்ள மட்டைகளை மறக்காமல் எடுத்துப் போகச் சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை காலை ரயிலில் திரும்பிவிட்டேன். ஏழு மட்டைகளை அவர் கடையிலேயே விட்டுவிட்டேன். இடுப்புக்கு நல்லது.

செவ்வாய்க்கிழமை ஹாஜியார் தொலைபேசியில் கூப்பிட்டார். கூட்டத்தில் நிறையச் சத்தம். கடிதத்தைத் திரும்பப் பெறுவதாகக் கடைசியில் தீர்மானித்தார்களாம். இனி எட்டுக் குழிதான். ஒன்பது வேண்டுமென்றால் முதலாவதை இரண்டு தரம் அடிக்க வேண்டும் என்று ஒரு பெருமூச்சோடு சொன்னார். வேலை எப்போது தொடங்கும் என்று கேட்டேன். அது சங்கத்தின் கையில் இல்லை, மழைக்கு முன்னால் அத்திவாரமாவது போட்டால் நல்லது என்றார். கரும்பலகையில் அவர் கையாலேயே எழுதியிருக்கிறாராம்: வெள்ளைக் கட்டைக்கு உள்ளே போன பந்து எல்லைக்கு வெளியே.

வெள்ளவத்தையில் என் வீடு இரண்டாம் மாடியில். கடை பூட்டிவிட்டு வந்து கூடத்துக் கம்பளத்தில் ஒரு தம்ளரைச் சாய்த்து வைத்து, எட்டடி தள்ளி நின்று இருபது நிமிடம் பந்தை உருட்டுகிறேன். மைதானத்துக்குப் போக வாய்க்காதவர்களுக்கு இதைவிட நல்ல பயிற்சி இல்லை. ஒரு மாதத்தில் வித்தியாசம் தெரியும். என் கூடத்துத் தரை ஒரு பக்கம் சாய்வு. முன்பெல்லாம் பந்து தவறி உருண்டு, வாசற்படி இல்லாத என் சமையலறைக்குள் போனால், அங்கேயே நின்று அடித்து வெளியே எடுப்பேன். இப்போது குனிந்து கையால் எடுத்துக்கொண்டு, ஓர் அடி கூட்டி எண்ணி, ஆரம்பித்த இடத்துக்கே திரும்பி வருகிறேன்.