நண்டாத்துத் தோட்டத்துக்கு ஒரு பார்சல்

நான் எண்ணெய்ப்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டுகிறவன். பரதநாட்டிய உடை வாங்குவதைப் பற்றி இவனுக்கு என்ன தெரியும் என்று மகளின் நடன டீச்சர் நினைத்ததில் தப்பில்லை. பத்துப் பேர் முன்னால் அதை வாய்விட்டுச் சொன்னதுதான் தப்பு.

குவாலா சிலாங்கூரில் ஒரு கோயில் மண்டபத்தில் நடக்கிற வகுப்பில் மகள் ஐந்து வருடமாக ஆடக் கற்றுக்கொண்டிருந்தாள். அந்த வருடம் அவளுக்குச் சலங்கை பூஜை. பிள்ளைகள் முதன்முதலாகக் காலில் சலங்கை கட்டிச் சபைக்கு முன்னால் ஆடுகிற நாள் அது. எட்டுப் பிள்ளைகளுக்கும் ஒரே மாதிரி உடை, மாம்பழ மஞ்சளில் அரக்குக் கரை. நகையோடு சேர்த்து ஆயிரத்து நானூறு வெள்ளி, நானே தருவித்துவிடுவேன், பணத்தை மட்டும் கொடுத்துவிடுங்கள் என்று டீச்சர் பெற்றோர்களைக் கூப்பிட்டுச் சொன்னார். எல்லாரும் தலையாட்டினார்கள். நான் எந்தக் கடை என்று கேட்டேன்.

மற்றவர்கள் சாமி படத்துக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துவிட்டவனைப் பார்ப்பதுபோல் என்னைப் பார்த்தார்கள். சென்னையிலிருந்து வருகிறது என்றார் டீச்சர். அப்படியானால் என் மகளுக்கு நானே வாங்கிக்கொள்கிறேன் என்றேன். லோரி சாமான் வாங்குகிற மாதிரி இல்லை இது என்று சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டுச் சொன்னார்.

“உங்க இஷ்டம்லா. ஆனா ஒத்து வரலன்னா மேடையில ஏத்த மாட்டேன்.”

வீட்டுக்கு வந்து, வாசலில் செருப்பைக் கழற்றும்போதே மனைவி, குருவிடம் வம்பு வேண்டாம், போகிறது பணம், பிள்ளை அழுதால் யார் பதில் சொல்வது என்று கேட்டாள். நியாயமான கேள்விதான். ஆனால் எனக்கு வந்த கோபம் பழைய கோபம். நடுவில் ஒருவர் நின்று வாங்கிக் கொடுப்பது எங்கள் ஆட்களுக்குப் பழகிப்போன ஏற்பாடு. கல்யாணப் பட்டோ, கோயில் சுற்றுலாவோ, இன்சூரன்ஸோ, எல்லாவற்றுக்கும் நமக்குத் தெரிந்தவர் ஒருவர் இருப்பார். விலை கேட்டால் அவர் முகம் சுருங்கும். வாயை மூடிக்கொண்டு கொடுப்பதற்கு மரியாதை என்று பெயர் வைத்துவிட்டார்கள். எனக்கு அந்த மரியாதை வராது.

டீச்சர் சிரித்த அந்த லோரி சாமான்தான் எனக்குக் கைகொடுத்தது. பக்கக் கண்ணாடி, விளக்கு, கையுறை எல்லாவற்றையும் பல வருடமாகச் சீனாவிலிருந்து ஃபோனிலேயே வாங்குகிறேன். நேரில் போனால் என் சட்டையையும் முகத்தையும் பார்த்து விலை சொல்வார்கள். ஃபோன் மூஞ்சி பார்க்காது. டீச்சர் அனுப்பிய உடையின் படத்தைப் போட்டுத் தேடினேன். அதே படம், அதே பெண், அதே மஞ்சள். பதினொரு கடைகளில் இருந்தது. கடைக்காரன் போட்ட படத்தை நம்பாமல், வாங்கினவர்கள் எடுத்த படங்களை மட்டும் பார்த்தேன். ஒரு கடை தேறியது. பணத்தை மலேசிய வெள்ளியில் கட்டலாம் என்று அந்தக் கடையின் இணையப் பக்கம் ஆசை காட்டியது. ரூபாயிலேயே கட்டினேன், ஏனென்றால் அவர்கள் மாற்றித் தருகிற கணக்கு எப்போதும் அவர்கள் பக்கம்தான் சாயும். எடைக்குத்தான் அனுப்பு கூலி என்பதால் நகைப்பெட்டி வேண்டாம், நகையைத் துணிக்குள் சுற்றி வையுங்கள் என்று வாட்ஸ்அப்பில் சொன்னேன். கடைக்காரர் தங்கமான மனிதர். வரிக்குப் பயந்தால் பில்லில் விலையைக் குறைத்துப் போட்டுத் தரவா என்றுகூடக் கேட்டார். வேண்டாம், உள்ளதைப் போடுங்கள் என்றேன். நான் மலிவாக வாங்குகிறவன், திருடுகிறவன் இல்லை. துணி, நகை, கூலி எல்லாம் சேர்த்து அறுநூறு வெள்ளியை எட்டவில்லை.

இவ்வளவு கெட்டிக்காரத்தனம் பண்ணியவன் முகவரியில் கோட்டை விட்டேன்.

எங்கள் தோட்டத்துக்கு இரண்டு பெயர். காகிதத்தில் கம்பெனி வைத்த ஆங்கிலப் பெயர். வாயில் நாங்கள் வைத்த பெயர், நண்டாத்துத் தோட்டம். சீனக் கடைகளுக்கு ஃபோன் தானாகவே காகிதப் பெயரைப் போட்டுவிடும். இந்தக் கடைக்காரரோ தமிழில் கேட்டார், “அண்ணே, எந்த ஊருக்கு அனுப்பணும்?” வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு கடை என்னைத் தமிழில் ஊர் கேட்டது. மனசு குளிர்ந்துபோய், நண்டாத்துத் தோட்டம், இரண்டாவது லயம் என்று வீட்டு வரிசையோடு சேர்த்துக் குரலிலேயே சொல்லி அனுப்பினேன். அவரும் அட்சரம் பிசகாமல் எழுதிவிட்டார்.

பார்சல் நாட்டுக்குள் வந்தது, புஞ்சாக் ஆலாம் பக்கம் உள்ள கிடங்குக்கு வந்தது, அங்கேயே நின்றது. பூஜைக்கு ஒன்பது நாள் இருந்தது. நேரில் போனேன். முகப்பில் இருந்த மலாய்த் தம்பி மரியாதையாகத்தான் பேசினான். அப்படி ஓர் இடமே கணினியில் இல்லை, அடையாள அட்டையில் உள்ள முகவரியும் ஒத்துப்போகவில்லை, நாளைக்குத் திருப்பி அனுப்பிவிடுவோம் என்றான். அந்த இல்லாத இடத்தில்தான் என் அப்பா பிறந்தார், நானும் பிறந்தேன் என்று மலாயில் சொன்னேன். குரல் கொஞ்சம் கூடிவிட்டது.

அவனுக்குத் திடீரென்று ஏதோ தோன்றி, என்னை உள்ளே கூட்டிப்போய் ஒரு கம்பிக் கூண்டைக் காட்டினான். அதில் என்னுடையதோடு ஐந்து பார்சல்கள், ஐந்திலும் நண்டாத்துத் தோட்டம். ஒன்று வேலையாட்களை மேற்பார்க்கும் மண்டோரின் மனைவிக்கு, ஒன்று கோயில் தலைவருக்கு, மற்ற இரண்டும் எங்கள் லயத்துக்கே. எல்லாம் தமிழ்நாட்டுக் கடைகளிலிருந்து வந்தவை. என்னைப்போலவே எல்லாரும் மனசு குளிர்ந்திருக்கிறார்கள்.

நான் அங்கேயே நின்று நாலு பேருக்கும் அழைத்தேன். ஸ்பீக்கரில் போட்டு, நீங்கள் எங்கே குடியிருக்கிறீர்கள் என்று மட்டும் கேட்டேன். ஒருவர் பின் ஒருவராக அதே பெயரைச் சொன்னார்கள். நாலாவது குரலுக்குள் மேலாளர் எழுந்து வந்துவிட்டார். என் அட்டையை வாங்கி, முகவரியைத் திருத்தி, கையெழுத்து வாங்கிக்கொண்டு பார்சலைக் கொடுத்தார். இல்லாத ஊர்க்காரன் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வெளியே வந்தேன்.

உடை மகளுக்குத் தைத்துப் போட்டதுபோல் இருந்தது. மடிப்பு விசிறி அழகாக விரிந்தது. நிறம் மட்டும் ஒரு சாயல் கூடுதல். மாம்பழ மஞ்சள் கேட்டேன், மஞ்சள்தூளுக்குப் பக்கத்தில் வந்திருந்தது. தனியாகப் பார்த்தால் தெரியாது என்றாள் மனைவி. அவள் தனியாக ஆடப் போவதில்லை என்பது எங்கள் மூன்று பேருக்கும் தெரியும்.

பூஜை அன்று காலை, ஒரே மாதிரி ஏழு பிள்ளைகள் நடுவில் என் மகள் வேறு மாதிரி நின்றாள். டீச்சர் வந்து முந்தானையை விரலில் எடுத்துப் பார்த்தார். உள்பக்கத் தையலைப் பார்த்தார். அங்கே தைத்திருந்த கடைச் சீட்டைப் பார்த்ததும் அவர் கை ஒரு நொடி நின்றது. பக்கத்துப் பிள்ளையின் உடையிலும் அதே சீட்டு இருந்ததை நான் முன்பே பார்த்திருந்தேன். மேடை இல்லை என்று சொல்லிவிடுவாரோ என்று பயந்தேன். அவர் யாரையும் பார்க்காமல், முன்வரிசையில் ஆட வேண்டியவளைப் பின்வரிசைக் கோடிக்குப் போகச் சொன்னார்.

எனக்குத் தலை கொதித்தது. ஆயிரத்து நானூறு கொடுத்திருந்தால் என் பிள்ளை நடுவில் நின்றிருப்பாள். அந்தக் கடைச் சீட்டை எல்லார் முன்னாலும் இழுத்துக் காட்டிவிட்டு வீட்டுக்குப் போய்விடலாம் என்று மகளின் கையைப் பிடித்தேன். அவள் கையை விடுவித்துக்கொண்டாள்.

“நான் ஆட வந்திருக்கேன்பா. எங்க நின்னா என்ன?”

ஆடினாள். கோடியில் நின்று ஆடினாள். என் மகள் என்பதால் சொல்கிறேன் என்றே வைத்துக்கொள்ளுங்கள், அன்றைக்கு அந்த எட்டுப் பேரில் காலடி தப்பாதவள் அவள் ஒருத்திதான். எண்ணூறு வெள்ளி மிச்சம் பிடிக்கப் பிள்ளையைப் பின்னால் நிற்க வைத்தவன் என்று சொந்தத்தில் சிலர் இன்றும் சொல்கிறார்கள். சொல்லட்டும். ஆனால் அன்று கைதட்டும்போது எனக்கும் அதே குத்தல் இருந்தது. அதை மறைத்து என்ன ஆகப்போகிறது.

மத்தியானம் காரில் திரும்பும்போது சுங்கை புரோங் வயல்களைத் தாண்டும்வரை நான் மன்னிப்புக் கேட்கலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தேன். பின்சீட்டில் மகள் அந்த மஞ்சள் உடையைக்கூட மாற்றாமல் என் ஃபோனை வைத்து எதையோ பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அரங்கேற்றத்துக்கும் நாமளே வாங்கிக்கலாம்பா,” என்றாள். “அப்போ நான் தனியாத்தானே ஆடப் போறேன். செவப்பு எடுங்க.”