கற்பூரம் அடித்துச் சொன்ன ஓட்டு

எங்கள் மகளிர் சுயஉதவிக் குழுவில் பத்துப் பெண்கள். ஆந்திராவில், புத்தூருக்கும் நகரிக்கும் நடுவில் எங்கள் ஊர். வீட்டுக்குள் தமிழ், மண்டல ஆபீசில் தெலுங்கு. பதினொரு வருடமாக நான்தான் குழுத் தலைவி. அதனால் எனக்குக் கிடைத்தது ஒரு ரப்பர் ஸ்டாம்பும், எந்தக் கட்சிக்காரன் ஊருக்குள் வந்தாலும் முதலில் என் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும் மரியாதையும்தான். அந்த மரியாதையை விட்டுக்கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் நடந்ததெல்லாம் அதனால்தான் நடந்தது.

போன தேர்தலுக்கு ஒரு வாரம் முன்பு ஒரு கட்சியின் ஊர்ப் பொறுப்பாளர் வந்து, "பொம்பளைங்கள எல்லாம் கெங்கம்மா கோயிலாண்ட இட்டுக்கினு வாம்மா, சின்ன வேலை" என்றார். அவர்கள் வேட்பாளர் கோயிலுக்குப் புதுக் கோபுரமும், பெரிய ரோட்டிலிருந்து கோயில் வரை தார் ரோடும் போட்டுத் தருவதாகச் சொல்லியிருந்தார். கோயில் முன்னால் பேனர் வைத்திருந்தார்கள். ஒரு பக்கம் அம்மன், ஒரு பக்கம் வேட்பாளர், ரெண்டு பேரும் ஒரே அளவு. அம்மனாவது நேராகப் பார்த்துக்கொண்டிருந்தாள், அவர் கும்பிட்டுக்கொண்டு வேறு எங்கோ பார்த்தார்.

வேலை என்னவென்றால் சத்தியம். தட்டில் கற்பூரம் ஏற்றி, இந்தச் சின்னத்துக்குத்தான் என் ஓட்டு என்று சொல்லி, உள்ளங்கையால் அடித்து அணைக்க வேண்டும். தலைவி என்பதால் நான் முதலில் அடித்தேன். ஒவ்வொருத்திக்கும் பொறுப்பாளரே புதுசாக ஏற்றிக் கொடுத்தார். எங்களில் ஒருத்தி சர்ச்சுக்குப் போகிறவள். அவள் தயங்கி நிற்க, அவர் சிரித்துக்கொண்டே போய்க் காரிலிருந்து பைபிளை எடுத்துவந்தார். வண்டியில் ரெண்டும் வைத்திருந்தார் மனுஷன். நாங்களும் சிரித்தோம்.

கடைசியாக அடித்தவள் பக்கத்துத் தெருக்காரி. குழுவிலேயே சின்னவள், வாய் ஓயாதவள். புருஷன் பெங்களூரில் வாட்ச்மேன், இங்கே ரெண்டு பிள்ளைகளோடு அவள். அந்தத் தார் ரோடு வர வேண்டிய வழியில்தான் அவளுடைய முக்கால் ஏக்கர் இருந்தது. அரசாங்கம் ஏழைகளுக்குக் கொடுத்த டி.கே.டி. பட்டா. அதை விற்க அவளுக்கு உரிமை கிடையாது, திரும்ப எடுத்துக்கொள்ள அரசாங்கத்துக்கு உரிமை உண்டு. வேர்க்கடலை போட்டு, வரப்போரம் கனகாம்பரம் வைத்து, பூவைப் புத்தூருக்கு அனுப்பிக்கொண்டிருந்தாள். ரோடு பழைய வண்டிப்பாதையிலேயே போகட்டும் என்று எதிர்க்கட்சிக்காரர் சொல்லியிருந்தார். அவரும் மஞ்சள் குங்குமத்தோடு வந்துதான் அதைச் சொன்னார். செய்திருப்பாரா என்பது யாருக்குத் தெரியும். ஆனால் நிலத்தைக் காப்பாற்றிக்கொள்ள அவளுக்கு இருந்த ஒரே வழி அந்த ஓட்டுதான்.

ஓட்டுப் போடுவதற்கு முதல் நாள் சாயங்காலம் என் வீட்டுக்கு வந்தாள். நான் அரிசி புடைத்துக்கொண்டிருந்தேன். எதிரில் உட்கார்ந்து மெதுவாகக் கேட்டாள்.

"அக்கா, பயமா கீதுக்கா. வாயால சொன்னதுதான? கை எந்த பட்டன அமுக்குச்சின்னு அம்மனுக்குத் தெரியுமா?"

போ, உன் நிலம், உன் ஓட்டு என்று சொல்லியிருக்கலாம். ஒரு வரி. ஆனால் இவள் வாயில் எதுவும் தங்காது, மாற்றிப் போட்டால் மறுநாளே குழாயடியில் சொல்லிவிடுவாள், பொறுப்பாளர் அப்புறம் என் வாசல் பக்கமே வரமாட்டார் என்று மனம் அதற்குள் கணக்குப் போட்டுவிட்டது.

"தெரியாம இருக்குமாடி? கற்பூரம் அடிச்சிட்டு மாத்திப் போட்டா புள்ளைங்களுக்கு ஆகுமா?" என்றேன்.

"சரிக்கா" என்று எழுந்து போனாள்.

மறுநாள் பள்ளிக்கூடத்தில், அட்டை மறைப்புக்குப் பின்னால் நான் தனியாக நின்றபோது அவள் நிலம்தான் ஞாபகத்துக்கு வந்தது. எதிர்க்கட்சிக்காரர் சின்னத்தை அமுக்கினேன். அம்மன் பேரைச் சொல்லி அவளைப் பயமுறுத்திய எனக்கு அம்மனிடம் துளிப் பயம் இல்லை. அவளுக்கு ஒரு நல்லது செய்துவிட்ட திருப்தியோடு வீட்டுக்கு வந்து சாப்பிட்டுத் தூங்கினேன். சொந்த நிலமாயிற்றே, அவளும் மாற்றித்தான் போட்டிருப்பாள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

கோபுரக்காரர்தான் ஜெயித்தார். கடலை பிடுங்க இன்னும் பத்துப் பதினைந்து நாள் இருக்கும்போது ஜே.சி.பி. வந்தது. அவள் சண்டை போடவில்லை. புரட்டிப்போட்ட மண்ணில் உட்கார்ந்து, பிள்ளைகளோடு பிஞ்சுக் கடலையைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள். நான் தூரத்திலிருந்து பார்த்துவிட்டுத் திரும்பிவிட்டேன். கிட்டப் போக எனக்கு முகம் இல்லை.

ரோடு முடிந்ததும் எம்.எல்.ஏ.வின் சிபாரிசுக் கடிதம் வந்தது, எங்கள் குழுவில் ஆறு பேருக்குத் திருமலை தரிசனம். அவள் பெயரை நானே சேர்த்தேன். நிலத்துக்குப் பதில் தரிசனம்! வேறு எதைக் கொடுத்திருப்பேன், தெரியவில்லை.

மலையில் க்யூ ஹாலில் உட்கார்ந்திருந்தபோது என் காதருகே குனிந்தாள்.

"அக்கா, நான் சத்தியத்த மீறல. அமுக்கச்சே அழுகையே வந்துட்ச்சி. ஆனா அவருக்குத்தான் அமுக்குனேன். நிலம் போச்சி, போவட்டும். புள்ளைங்க நல்லா கீதுங்க. நீ சொல்லலன்னா மாத்தித்தான் போட்டிருப்பேன்."

அவள் நிலத்துக்காக நான் போட்ட ஒற்றை ஓட்டை, நான் சொன்ன சொல்லுக்காக அவளே தன் ஓட்டைப் போட்டு அழித்திருக்கிறாள்.

"நீயும் அவருக்குத்தான போட்ட?" என்றாள்.

"ஆமாண்டி" என்றேன். அந்த மலையில் உட்கார்ந்துகொண்டு சொன்னேன்.

கதவு திறந்தது, கூட்டம் நெட்டியது. ஜரகண்டி, ஜரகண்டி என்று தள்ளினார்கள். சாமி எதிரில் வந்தபோது எனக்கு எதுவும் கேட்கத் தோன்றவில்லை. பக்கத்தில் அவள் கையைத் தூக்கிக் கும்பிட்டு அழுதுகொண்டே சொன்னது மட்டும் காதில் விழுந்தது: "சாமி, எங்க அக்காவ நல்லா வெச்சிரு."

அதற்குப் பிறகு அவள் முன்னைவிட என்னோடு ஒட்டிக்கொண்டாள். கூலி வேலைக்குப் போகும்போதும் வரும்போதும் என் வீட்டில் ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டுப் போகிறாள். உண்மையைச் சொல்ல எத்தனையோ முறை வாயெடுத்திருக்கிறேன். சொன்னால் அவளுக்கு மிச்சம் இருக்கும் நம்பிக்கையும் போய்விடும் என்று சமாதானம் சொல்லிக்கொள்கிறேன். அதுவும் பொய், எனக்குப் பயம்.

பஞ்சாயத்துத் தேர்தல் வருகிறது. நேற்றுப் பொறுப்பாளர் வந்து வாசலில் செருப்பைக் கழற்றினார். பத்துப் பேருக்கும் கற்பூரம் வாங்கி வைக்கச் சொன்னார்.

வாங்கி வைத்திருக்கிறேன்.