முகமூடி ஓட்டின் பின் தோற்றம்

சேதராப்பட்டில் தூசி முகமூடி செய்யும் ஒரு தொழிற்சாலையில் நான் வரைபடம் போடும் வேலையில் இருந்தேன். ஓய்வு பெறுவதற்கு முந்தைய வருடம், மூக்கையும் வாயையும் மூடும் கிண்ணம் போன்ற கெட்டி ஓடு ஒன்றை வடிவமைத்தேன். மூச்சை வடிகட்டுவது உள்ளே வைக்கும் பஞ்சின் வேலை. என் வேலை ஓட்டின் அழகு மட்டும். தாடைப் பக்கம் ஒன்பது வரிகள் கிளம்பி, மேலே போகப் போக நெருங்கி, மூக்குத்தண்டின் மேல் ஒரே முனையாகச் சேரும். அந்த முனையில் எனக்கு அத்தனை பெருமை.

வேறு யாரும் நகலெடுக்காதபடி வடிவத்தை அரசுப் பதிவுக்கு அனுப்பும்முன், சின்ன முகம் ஒன்றில் ஒரு ஷிப்ட் நேரம் போட்டுப் பார்த்து அறிக்கை தரச் சொன்னார் மேலாளர். மாதிரியை உப்பளம் பகுதியில் இருந்த எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்து என் மனைவிக்கு மாட்டிவிட்டேன். அவள் ஓயாமல் பேசுகிறவள். அடுப்பில் கொதிக்கும் குழம்போடும் பேசுவாள். கண்ணாடியைப் பார்த்துவிட்டு, "குதிரைக்குக் கொள்ளுப் பை கட்டின மாதிரி இருக்குங்க" என்றாள். பேசியதில் தாடை அசைந்து ஓடு மேலே ஏறியது. பேசாமல் இரு, எட்டு மணி நேரம்தானே என்றேன்.

இருந்தாள். நெல்லித்தோப்பிலிருந்து அவள் தங்கை போன் செய்தபோது, அப்புறம் பேசுவதாகச் சொல்லும்படி எனக்குச் சைகை காட்டினாள். வீட்டின் அந்த அமைதி எனக்குப் பிடித்திருந்தது. அதையும் சொல்லிவிட வேண்டும். முன், பின், பக்கவாட்டு என்று பதிவுக்கான ஏழு தோற்றங்களையும் அன்றைக்கே வரைந்து முடித்தேன். ஓட்டின் உள்பக்கத்தைக் காட்டும் பின் தோற்றத்தில், முகம் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் குழி.

நாலு மணிக்கு, கிழித்த தேதித் தாளின் பின்னால் எழுதி என் மேசையில் வைத்தாள். "மூக்கு வலிக்குது. கழட்டட்டுமா?" நான் கடிகாரத்தைக் காட்டினேன். இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது. திரும்பிப் போய்த் துணி மடித்தாள்.

கழற்றியபோது மூக்குத்தண்டில் தோல் உரிந்திருந்தது. முனையை இரண்டு மில்லிமீட்டர் கீழே நிறுத்தியிருந்தால் போதும். ஆனால் வரிகள் ஒன்றுசேராமல் அறுந்தாற்போல நிற்கும். நான் மாற்றவில்லை. அணிந்தவர் எந்தக் குறையும் சொல்லவில்லை என்று அறிக்கையில் எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

பதிவுச் சான்றிதழ் வந்ததும் சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்டினேன். அவள் அதைத் துடைத்து வைப்பாள். மீன்காரம்மாவிடமும் தங்கையிடமும் பழையபடி பேசினாள். என்னிடம் மட்டும், கேட்டதற்குப் பதில் சொன்னாள், அவ்வளவுதான். காரணம் தெரிந்திருந்தும் நான் கேட்கவில்லை. கேட்டால் மன்னிப்புக் கேட்க வேண்டியிருக்கும். ஐந்து வருடம் அப்படிப் போனது. பிறகு, படுத்த மூன்றாம் நாள் போய்விட்டாள்.

போன வாரம் பழைய கோப்பில் அந்தத் தேதித் தாள் கிடைத்தது. வரைபடங்களோடு நானே கிளிப் போட்டு வைத்திருக்கிறேன். மாதிரி ஓடும் அலமாரியில்தான் இருந்தது. எடுத்து மாட்டிக்கொண்டேன். கொஞ்ச நேரத்திலேயே மூக்கு கடுக்கத் தொடங்கியது. ஒரு மணி நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

பிறகு, அந்தத் தேதித் தாளைப் பார்த்து, "கழட்டிடும்மா" என்று சத்தமாகச் சொன்னேன். ஓடு கண்வரைக்கும் ஏறிக்கொண்டது.