கார் நிக்கோபாரில் தூங்கிய பெட்டி

பெட்டியைக் கெடுத்தது நான்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அன்று சொல்லவில்லை.

போர்ட் பிளேரில் ஒரு சின்னக் கம்பெனியில் புரோகிராம் எழுதுகிறேன். கார் நிக்கோபாரில் ஒரு குடிநீர்த் தொட்டியின் மேல் எங்கள் பெட்டி இருந்தது. மணிக்கு ஒருமுறை எழுந்து நீர்மட்டத்தை அளந்து இங்கே அனுப்பும். மற்ற நேரமெல்லாம் தூங்கும். தூங்கும்போதும் அதன் ரேடியோ மட்டும் விழித்திருக்கும், நாங்கள் கூப்பிட்டால் கேட்க வேண்டுமே. மழைக்காலத்தில் சோலார் தகடு சும்மா கிடந்தது, பாட்டரியை அந்த ரேடியோவே தின்று தீர்த்தது. தூங்கும்போது ரேடியோவுக்கும் மின்சாரத்தை வெட்டும்படி ஒரு வரி எழுதினேன். என் மேஜையில் இருந்த இன்னொரு பெட்டியில் சோதித்தேன். அருமையாகத் தூங்கியது, அருமையாக எழுந்தது. இங்கிருந்தபடியே கார் நிக்கோபாருக்கு அனுப்பினேன். அன்று மத்தியானம் தூங்கப்போன பெட்டி அதன்பின் பேசவே இல்லை.

காரணம் அரைமணியில் புரிந்தது. சோதித்தபோது கம்ப்யூட்டர் கேபிளைப் பிடுங்காமல் விட்டிருந்தேன். கேபிள் வழியாக ரேடியோவுக்கு மின்சாரம் போய்க்கொண்டே இருந்தது. அங்கே கேபிள் இல்லை, நிஜமாகவே வெட்டிவிட்டது. பெட்டி எழுந்தாலும் ரேடியோ எழவில்லை. யாராவது மூடியைத் திறந்து பட்டனை அமுக்கினால்தான் உண்டு. கத்துக்குட்டி செய்கிற தப்பு. அதை ஒப்புக்கொள்ள என் திமிர் விடவில்லை.

"ஆன்டெனா லூஸா இருக்கும் சார். மாட்டினவர் சரியா முறுக்கல" என்றேன் முதலாளியிடம்.

மாட்டியவர் எங்கள் ஃபீல்டு ஆள். இலங்கை மலையகத்திலிருந்து நிக்கோபாரின் கச்சால் தீவில் ரப்பர் தோட்டத்துக்கு வந்த குடும்பம். என்னைவிட ஆறு வயது மூத்தவர். அவர் என்னை சார் என்பார், நான் அவரை நீ என்பேன்.

அப்போது அவருடைய அம்மா இங்கே ஆஸ்பத்திரியில் இருந்தார். கார் நிக்கோபார் போய் ஆன்டெனாவை இறுக்கி, பட்டனை அமுக்கிவிட்டு வரச் சொன்னேன்.

"அம்மாவுக்கு மூச்சு இழுக்குது சார். கடலும் கராப்பா இருக்கு, ஒரே அலை. இந்த ஜஹாஸ்ல ஏறிப் போனா திரும்பி வர அடுத்த கப்பல் எத்தன நாளாகுமோ. பட்டன அங்க உள்ள வாட்ச்மேன் அமுக்கட்டுமே?"

அமுக்கலாம். ஒரு நிமிஷ வேலை. ஆனால் ஆன்டெனா இறுக்கமாக இருப்பதை வாட்ச்மேன் ஊருக்கே சொல்லிவிடுவான். இவர் அப்படியில்லை, தன் கையைத் தானே சந்தேகப்படுகிற ஆள்.

"கண்டவன் திறந்தா உப்புக்காத்து உள்ள போயிடும். மாட்டினது நீ, நீதான் போகணும்."

போனார். மறுநாள் தொட்டி மேலிருந்து ஃபோன் செய்தார்.

"ஆன்டெனா டைட்டாதான் சார் இருக்கு."

"கழட்டி மறுபடி மாட்டு. அப்புறம் பட்டன அமுக்கு."

பெட்டி எழுந்தது. அது மறுபடி தூங்கப் பத்து நிமிடம் எடுக்கும். அதற்குள் என் வரியை அழித்துப் பழையதை அனுப்பிவிட்டு, "பாத்தியா?" என்றேன். 

கடல் கொந்தளித்தது, கப்பலை ரத்து செய்துவிட்டார்கள். ஹெலிகாப்டரில் இடம் கிடைக்கவில்லை. அவர் போன நான்காம் நாள் அம்மா இறந்துபோனார். கொள்ளி வைக்க வேண்டியவர் கார் நிக்கோபாரில் இருந்ததால் மருமகன் வைத்தார். மகனுக்கு வீடியோவில் காட்ட ஃபோனைப் பிடித்துக்கொண்டு நின்றது நான். அங்கே சிக்னல் சரியில்லை, படம் நின்று நின்று போனது. "முகத்த காட்டுங்க சார், முகத்த காட்டுங்க" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். எனக்கு வெட்கமாக இருந்தது. மாட்டிக்கொள்வோமோ என்ற பயம் அதைவிடப் பெரிதாக இருந்தது.

ஒன்பதாம் நாள் கப்பலிறங்கி நேராக ஆபீசுக்கு வந்தார். என் மேஜை முன்னால் நின்றார்.

"மன்னிச்சிருங்க சார். அன்னைக்கே நான் ஒழுங்கா முறுக்கியிருந்தா ஒங்களுக்கும் தொல்ல இல்ல, அம்மாவையும் பாத்திருப்பேன்."

முதலாளி பார்த்துக்கொண்டிருந்தார்.

"விடு, இனிமேலாவது பாத்து மாட்டு" என்றேன்.

"சரி சார்" என்றார்.