தபால் பெட்டிகளுக்காகக் காத்திருந்தவர்

மகளுக்குப் பிள்ளை பிறந்து ஆறாம் நாள், பத்தியக்கறிச் சட்டியை மடியில் வைத்துக்கொண்டு ஒஸ்லோவிலிருந்து புறப்பட்டேன். மகள் வடக்கே ஒரு சிறிய ஊரில் ஆசிரியை. கார் ஓட்டியவர் என் கணவர். இருபத்தேழு வருடம் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். நகரின் கிழக்கோரத்து ட்வெய்ட்டாவைத் தாண்டிச் சற்று நேரத்தில் அவர் நெடுஞ்சாலையை விட்டுக் காட்டுப் பக்கமாகப் போகும் ஒடுங்கிய சாலையைப் பிடித்தார்.

ஏன் என்று நான் கேட்கவில்லை. வழிக்கு வெளிக்கிட்டவரிடம் கேள்வி கேட்டால் போகிற காரியம் விளங்காது என்று சொல்லி வளர்க்கப்பட்டவள் நான். செபமாலை சொல்லுகிற வாய்தான், ஆனால் சகுனத்தையும் விட்டதில்லை.

பெப்ரவரிப் பனியில் ஊர்கள் வந்து வந்து போயின. ஒரு தேவாலயம், ஒரு கடை, ஒரு பெட்ரோல் நிலையம், அவ்வளவுதான் ஊர். காலால் உந்தும் சறுக்குவண்டியில் ஒரு கிழவி கடைக்குப் போனாள். எங்களைவிட அவள் வேகம்.

"இதென்ன, மாட்டுவண்டியே ஓட்டுறியள்?" என்றேன்.

"ஊர் பாத்துக்கொண்டு போவமப்பா."

செபமாலையில் மூன்றாவது தேவ இரகசியத்தைச் சொல்லிக்கொண்டிருந்தேன். சட்டென்று பிரேக். சட்டி மூடி எகிறி, மிளகு மணம் கார் முழுவதும் பரவியது.

"எல்க் நிக்குது," என்றார். இந்தக் காடுகளில் சாலைக்குக் குறுக்கே வந்து நிற்கும் பெரிய மான் அது.

பார்த்தேன். சாலையோரத்தில், மரச்சட்டம் ஒன்றில், ஆறு தபால் பெட்டிகள் பனியைச் சுமந்து நின்றன. எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. அவர் சிரிக்கவில்லை. ஸ்டியரிங்கை இறுகப் பிடித்தபடி, அது விலகிப் போகட்டும் என்று காத்திருந்தார். அப்போதுதான் என் சிரிப்பு நின்றது.

அடுத்த ஊரின் கடை வாசலில் காரை நிறுத்தச் சொன்னேன்.

"எவ்வளவு நாளா உப்பிடி?"

"கோடையிலையிருந்து. எதிர்வாற கார் லைட் பட்டா ஒண்டும் தெரியேல்லை. அதுதான் இந்தப் பாதையாலை வந்தனான்."

"டொக்டரிட்டைப் போனனீங்களோ?"

"போனா லைசென்ஸைப் பறிச்சுப்போடுவாங்கள். பிறகு நான் ஆர்?"

கோபம் பொத்துக்கொண்டு வந்தது. யாரையாவது இடித்திருந்தால்? ஆனால் அந்தக் கடைசிக் கேள்வியை நினைக்கப் பாவமாக இருந்தது. இறங்கிப் போய் அவர் பக்கத்துக் கதவைத் திறந்தேன். அவர் இடம் மாறினார். மீதி வழியெல்லாம் நான் ஓட்ட, அவருடைய வலது கால் இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தது.

மகள் வீட்டுக் கதவைத் திறந்ததும், "அப்பா களைச்சுப்போனார், அதுதான் அம்மா கார் ஓட்டினவ," என்று அவரே முந்திக்கொண்டார். நான் காட்டிக்கொடுக்கவில்லை.

மகள் பிள்ளையை அவர் கையில் வைத்தாள். சன்னலோரம் கொண்டுபோய், முகத்துக்குக் கிட்ட முகத்தை வைத்துப் பார்த்தார். தள்ளிப் பார்த்தார். பிறகு என் பக்கம் சாய்ந்து மெல்லக் கேட்டார்.

"ஆரின்ரை சாயல்?"

"உங்கடை மூக்கு."

அவர் விரல் அந்தச் சிறிய மூக்கைத் தடவிப் பார்த்தது.

"மகள்," என்றார், "எனக்கு ஒரு கண் டொக்டரிட்டை நேரம் எடுத்துத் தா. இவனை நான் பாக்கவேணும்."