இருவருக்கும் ஒரே அளவு

என் பீரோவின் அடித்தட்டில் ஒரு பச்சை ரவிக்கை இருக்கிறது. நிறம் வெளுத்துவிட்டது, கொக்கிகளில் இரண்டு போய்விட்டன. அது எங்கள் அளவு ரவிக்கை. பழவங்காடியில் இருந்த தையல்காரரிடம் புதுத்துணி கொடுக்கும்போதெல்லாம் மாதிரிக்கு அதைத்தான் கொண்டுபோவோம். எனக்கும் மன்னிக்கும் ஒரே அளவு. மன்னி என்றால் என் கணவருடைய அண்ணன் மனைவி. அறுபதுகளின் கடைசியில் நான் கரமனைக்கு மருமகளாக வந்திறங்கியபோது என் உடம்பைப் பார்த்துத் தெருவே வாயைப் பொத்திக்கொண்டு நின்றது. மன்னி ஒருத்திதான் முகம் மலர்ந்து, "அப்பாடா, எனக்குத் துணைக்கு ஆள் வந்தாச்சு" என்றாள்.

உண்மையில் துணையாகத்தான் இருந்தோம். பஸ்ஸில் இரண்டு பேர் உட்காரும் இருக்கையில் நாங்கள் உட்கார்ந்தால் என் பாதி உடம்பு நடைவழியில் நிற்கும். கண்டக்டர் வந்து மலையாளத்தில், "சேச்சிமாரே, டிக்கெட்டு ரெண்டோ நாலோ?" என்பான். பஸ் முழுக்கச் சிரிக்கும். ஆனால் அதற்கு முன்பே மன்னி சிரித்துவிடுவாள். "அஞ்சு குடுப்பா, பையும் இருக்காக்கும்" என்பாள். அவள் முந்திக்கொண்டு சிரித்துவிட்டால் மற்றவர்கள் சிரிப்பு எங்கள் மேல் ஒட்டாது. தனியாக நான் பஸ் ஏறியதே இல்லை. அவள் இல்லாமல் எனக்கு அந்தச் சிரிப்பு வராது.

எழுபதுகளின் கடைசியில் மன்னிக்கு முழங்கால் நொந்து நடக்க முடியாமல் போயிற்று. அமெரிக்காவில் டாக்டராக இருந்த அவளுடைய அண்ணா, வைத்தியத்துக்கு அங்கே வரச் சொன்னார். முழங்காலுக்கு என்றுதான் என்னிடம் சொல்லிவிட்டுப் போனாள். குழம்புப் பொடி, அப்பளம் எல்லாம் கட்டிக் கொடுத்தவள் நான். ஒரு வருஷம் கழித்து விமான நிலையத்தில் ஒரு பெண்மணி என் தோளைத் தொட்டு, "என்னடி, என்னை அடையாளம் தெரியலையா?" என்றாள். குரல் மன்னியுடையது. அந்தக் குரலைச் சுற்றி இருந்த ஆளைக் காணோம்.

வயிற்றைத் திறந்து, குடலில் பெரும்பகுதியைச் சோறு போகாதபடி விலக்கிவைத்து, மிச்சத்தைக் குட்டையாக இணைத்துவிட்டார்களாம். சாப்பிடுவது உடம்பில் ஒட்டாதாம். எல்லோரும் வாயைப் பிளந்து கேட்டார்கள். எனக்கு ஒன்றே ஒன்றுதான் கேட்கத் தோன்றியது. ஏன் என்னிடம் சொல்லவில்லை? அடுத்த நாள் அவள் பெட்டியைப் பிரித்து, எனக்கு ஒரு சென்ட் பாட்டிலும் இந்தப் பச்சை ரவிக்கையும் கொடுத்தாள். "இனிமே இது உனக்கு மட்டுந்தான்டி" என்றாள். நல்ல மனசோடுதான் சொன்னாள் என்று இப்போது தெரிகிறது. அன்றைக்கு அது ஓங்கி அறைந்தது போலிருந்தது.

பொறாமைப்பட்டேன். அதற்கு வேறு நாசூக்கான பெயர் வேண்டாம். அவள் குனிந்து கோலம் போடுவதைப் பார்த்துப் பொறாமை, கழுத்தெலும்பின் மேல் சங்கிலி கிடப்பதைப் பார்த்துப் பொறாமை. என் கணவர், "மன்னி இப்போ சின்னப் பொண்ணாட்டமா இருக்கா, இல்லே?" என்று சொன்னதற்கு மூன்று நாள் அவருக்கு உப்பில்லாமல் சமைத்தேன். எல்லாவற்றையும்விடப் பொறுக்க முடியாமல் போனது பஸ்தான். மன்னி ஜன்னல் ஓரம் ஒடுங்கி உட்கார்ந்தாள். கண்டக்டர் என்னை மட்டும் பார்த்து, "சேச்சிக்கு ஒண்ணோ ரெண்டோ?" என்றான். பழைய பழக்கத்தில் மன்னி முதலில் சிரித்தாள். சிரித்த பிறகுதான் அவளுக்கே உறைத்தது. நான் அடுத்த நிறுத்தத்தில் இறங்கி வீட்டுக்கு நடந்தேன்.

அந்தக் கோபம் என் மகன் பூணூலன்று வெளிவந்தது. எங்கள் ஊர் விருந்தில் போளியும் பால் பாயசமும் இல்லாவிட்டால் விருந்தே இல்லை. இலைக்கு மேல் கையை நீட்டி 'வேண்டாம்' என்பது ஒரு மரியாதை. அதை மதிக்காமல் போடுவது பரிமாறுகிறவளின் மரியாதை. பந்தியில் மூத்தவர் எழும்வரை யாரும் எழக்கூடாது. நெய்யும் தித்திப்பும் தனக்கு ஆகாது என்று மன்னி என்னிடம் பல தடவை சொல்லியிருந்தாள். ஒல்லியானதும் அலட்டிக்கொள்கிறாள் என்று நினைத்துக்கொள்வேன். அன்று நெய் சொட்டும் போளியோடு அவள் இலைக்கு முன் நின்றேன். இரண்டு கையாலும் இலையை மறைத்து, "மதி மதி, போறும், வேண்டாம்டி, கேட்டியா" என்றாள். "என் பிள்ளை பூணூலுக்கு ஒரு போளி சாப்பிடாம எழுந்துப்பேளா மன்னி?" என்று ஊர் கேட்கச் சொல்லி இரண்டு போட்டேன். மேலே பாயசமும் ஊற்றினேன். அவள் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு இரண்டையும் சாப்பிட்டாள்.

கொஞ்ச நேரத்தில் அவள் முகம் வெளிறியது. பந்தியின் முதல் இலையில் மாமியார் மோருஞ்சாதத்தை நிதானமாகப் பிசைந்துகொண்டிருந்தார். மன்னி பொறுத்துப் பார்த்தாள், முடியவில்லை. நடுப்பந்தியில் எழுந்து, பின்கட்டுக்கு ஓடினாள். பட்டுப் புடவையின் பின்பக்கம் நனைந்திருந்ததை எல்லோரும் பார்த்தார்கள்.

கிணற்றில் தண்ணீர் இறைத்து, மாற்றுப் புடவையோடு கக்கூஸ் வாசலில் நின்றேன். கதவுக்கு அந்தப் பக்கத்திலிருந்து மன்னி பேசினாள். "தெனமும் இப்படித்தான்டி. ஆறு தடவை, ஏழு தடவை. எங்கே போனாலும் மொதல்ல பின்கட்டு எங்கேன்னு பாத்து வச்சுப்பேன். ஒங்கிட்ட சொல்ல வெக்கமா இருந்துது." நான் செய்தது என்னவென்று தெரிந்தது. ஆனாலும் உள்ளுக்குள் இன்னொன்றும் காத்திருந்தது. 'ஏன்தான் பண்ணிண்டேனோ' என்று அவள் வாயால் ஒரு வார்த்தை வரும், அதோடு என் எரிச்சல் அடங்கும் என்று வாளியோடு நின்றேன். கதவு திறந்தது. புடவையை வாங்கிக்கொண்டு, "ஆனா, திரும்பப் பண்ணிக்கறியான்னு கேட்டா, இன்னிக்கே பண்ணிப்பேன்" என்றாள்.

போளியைப் பற்றி அவள் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நானும் மன்னிப்புக் கேட்கவில்லை. தண்ணீர் ஊற்றிக் கொடுத்தபோது அவளுடைய மெலிந்த கணுக்காலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மன்னி கடைசி நாட்களில் மகனோடு ஊருக்கு வெளியே கழக்கூட்டத்தில் ஒரு ஃபிளாட்டில் இருந்தாள். போன வருஷம் போய்ச் சேர்ந்தாள். எனக்கு இப்போது சர்க்கரை வியாதி. ஒரு கத்தியும் படாமல், சோறும் இறங்காமல், இரண்டு வருஷத்தில் எலும்பும் தோலுமாகிவிட்டேன். நேற்று அந்தப் பச்சை ரவிக்கையை எடுத்துப் போட்டுக்கொண்டு கண்ணாடி முன் நின்றேன். உள்ளே இன்னொருத்தி நுழைந்துகொள்ளும் அளவுக்கு இடம் இருந்தது. மருமகள் எட்டிப் பார்த்து, "ஐயோ அம்மா, எப்படி எளச்சுட்டேள்!" என்று கண் கலங்கினாள். அவள் பார்த்து என்ன செய்ய? இதைப் பார்த்து வயிறெரிய வேண்டியவள் மன்னி. அதற்குள் முந்திக்கொண்டு போய்விட்டாள்.